ஓடுதளத்தில் ஒரு பல்லக்கு



தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்து வந்து பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய கவலை குடியேறியிருக்கிறது. மகன் நன்றாகப் படித்தான். பெங்களூரிலோ குருகிராமிலோ நல்ல வேலையில் அமர்ந்தான். கைநிறைய ஊதியமும் பெறுகிறான். ஒருநாள் வாயிலில் ஒரு மோட்டார் கார் வந்து நிற்கிறது. பார்வைக்கு அது சாதாரணக் கார்தான். நான்கு கதவுகள், பின்புறம் பெட்டி வைக்கும் இடம், தாத்தாவும் பாட்டியும் சாய்ந்து அமரக்கூடிய இருக்கைகள். ஆனால் காலை அழுத்தினால், அண்டை வீட்டுக்காரர் தம் வாயிற்கதவைத் திறந்து மூடுவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிடும். இத்தகைய வண்டியை ஓர் இளைஞன் எங்கே ஓட்டுவான் என்ற கேள்வியை ஒட்டியே இன்று பேச எண்ணுகிறேன்.

இவ்வகைக் காருக்கு ஆங்கிலத்தில் செடான் என்று பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்குச் சொற்களின் பிறப்பைத் துருவும் பழக்கம் உண்டு. மோட்டார் வண்டிகள் தோன்றுவதற்கு முன்னால், இருவர் தூக்கிச் செல்லும் மூடு நாற்காலிக்கே அங்கே அப்பெயர் வழங்கிற்று. ஆகவே செடானுக்கு நேர்த் தமிழ் பல்லக்கு எனலாம். பல்லக்கில் செல்பவர் அவசரப்படுவதில்லை. சுமப்பவர்தாம் மூச்சு வாங்குவர். இன்றைய பல்லக்கோ சுமப்பவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பறக்கிறது. செங்கற்பட்டை அடுத்த தொழிற்சாலையில் உருவாகி 2021-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சந்தைக்கு வந்த பி.எம்.டபிள்யூ. எம்340ஐ என்ற செடானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு சிலிண்டர், மூன்று லிட்டருக்குச் சற்றே குறைந்த எஞ்சின், 387 குதிரைத் திறன். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 4.4 வினாடி போதும் என்று அதனை ஆக்கியோர் அறிவித்தனர். ஒரு தலைமுறைக்கு முன் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட வண்டிகள் பலவற்றுக்கும் இவ்வளவு விசை இருந்ததில்லை. இன்று அது மாதத் தவணையில் கிடைக்கிறது.

நான் பணி நிமித்தமாகப் பாலக்காட்டில் வாழ்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரியாகவும் தெற்கே ஆனைமலையாகவும் விலகி நின்று வழிவிடும் கணவாய் இது. பனை வரிசைகளை அசைத்துக்கொண்டு காற்று வீசுவதைப் போலவே போக்குவரத்தும் இதன் வழியே ஓயாமல் செல்கிறது. சேலத்திலிருந்து கொச்சிக்குச் செல்லும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வாளையாற்றில் மாநில எல்லையைத் தாண்டுகிறது. அகலமான நல்ல சாலைதான். ஆயினும் எல்லையை அடுத்துச் சரக்கு லாரிகள் வரிசையாய் நிற்கும். தேநீர்க் கடைக்குச் செல்வோர் குறுக்கே நடப்பர். காட்டை ஒட்டிய பகுதிகளில் விலங்குகளும் வரும். நான்கு வழிச் சாலைகளில் கார்களுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் என்று மத்திய அரசு 2018-இல் உச்ச வரம்பு வகுத்தது. நான் சொன்ன செடானுக்கு அது நான்கரை வினாடி வேலை. அதன் பிறகு அவ்வண்டி செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை.

பாலக்காட்டிலிருந்து தெற்கே சென்று ஆனைமலைத் தொகுதியைக் கடந்தால் இடுக்கி மாவட்டம். அங்கே தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் போடிமெட்டுச் சாலையை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். போடிநாயக்கனூர்ச் சமவெளியிலிருந்து 17 கொண்டையூசி வளைவுகள் ஏறிப் பூப்பாறை, மூணாறு நோக்கிச் செல்லும் பாதை அது. ஏலக்காய் வணிகரும் தோட்டத் தொழிலாளரும் நாள்தோறும் ஜீப்புகளில் ஏறி இறங்கும் சாலை. இச்சாலையில் விடியற்காலையில் வேகம் பார்க்க வரும் இளைஞர்கள் உண்டு. வளைவுக்கு அப்பால் வருவது பனிமூட்டமா, பால் வண்டியா, பள்ளிக்குச் செல்லும் பிள்ளையா என்பது அவர்களுக்குத் தெரியாது.

என் தமக்கையைப் போடிநாயக்கனூரில் மணம் செய்து கொடுத்திருக்கிறோம். அவள் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். கொச்சியில் ஒருவர் சில ஆண்டுகள் வைத்திருந்த விசைமிக்க செடான் ஒன்றை அவன் வாங்கினான். அது எந்த நிறுவனத்து வண்டி என்பது இங்கே வேண்டா. வாங்கிய மாதத்திலேயே தமக்கை தொலைபேசியில் அழைத்தாள். “தம்பி, இவன் விடியுமுன் எழுந்து போடிமெட்டுக்குப் போகிறேன் என்கிறான். எதற்கென்று கேட்டால் சும்மா என்கிறான். நீ ஒரு வார்த்தை சொல்லேன்” என்றாள். அவள் குரலில் கோபமில்லை, அச்சமே இருந்தது. அந்த மலைச்சாலையில் உறவினர் ஒருவரை இழந்த குடும்பம் அது.

இளைஞனிடம் ‘போகாதே’ என்று சொல்வதால் பயனில்லை என்பது என் எண்ணம். எதிரில் ‘சரி மாமா’ என்பான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். ஆகவே அவனிடம் வேறொன்று சொன்னேன்: “வண்டியின் முழு வேகத்தையும் நீ பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. பாலக்காட்டுக்கு வா, நானும் உடன் வருகிறேன்.”

அந்த இடம் கோயம்புத்தூருக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் இருக்கிறது. வாளையாற்றைத் தாண்டி மதுக்கரை வழியாகச் சென்றால் பாலக்காட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அடைந்துவிடலாம். 2003-இல் திறக்கப்பட்ட அந்தப் பந்தயத் தளத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். கரி என்பது கோவை தந்த கரிவரதன் அவர்களின் பெயரின் சுருக்கம். ஆலைத் தொழில் குடும்பத்தில் பிறந்த அவர், மாருதி காரின் எஞ்சினைக் கொண்டு எளிய பந்தய வண்டிகளை வடிவமைத்து, செல்வர் அல்லாத இளைஞரும் போட்டியில் இறங்க வழி செய்தவர். 1995-இல் விமான விபத்தொன்றில் காலமானார். தம் பெயர் தாங்கிய தளத்தைக் காண அவர் இல்லை.

அதற்கும் முன்பு தமிழ்நாட்டின் வேகம் சோழவரத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது சென்னைக்கு வடக்கே அமைந்த விமானத் தளம் அது. போர் முடிந்தபின் விமானங்கள் விட்டுச் சென்ற ஓடுபாதையில் மோட்டார்ப் பந்தயங்கள் தொடங்கின. அந்நாளில் சென்னையில் வாழ்ந்த குடும்பங்கள் உணவுப் பொட்டலம் கட்டிக்கொண்டு சோழவரம் சென்ற கதையை முதியோர் இன்றும் சொல்வர். பின்னர் 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு நிலையான தளம் அமைந்தது. அதன் சுற்று 3.7 கிலோமீட்டர். டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் 5.125 கிலோமீட்டர் நீளமுள்ள புத்தா பன்னாட்டுத் தளம் 2011-இல் திறக்கப்பட்டது. 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் ஃபார்முலா ஒன் பந்தயமும் அங்கே நடைபெற்றது. வடக்கே வாழும் நேயர்களுக்கு அதுவே அண்மையிலுள்ள இடம்.

இத்தளங்களில் போட்டி இல்லாத நாட்களில் பொதுமக்கள் தம் சொந்தக் கார்களைக் கொண்டுவந்து, கட்டணம் செலுத்தி, பயிற்றுநரின் மேற்பார்வையில் ஓட்டுவதற்கு ஏற்பாடுகள் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் இதனை ட்ராக் டே என்பர். தமிழில் எவ்வாறு சொல்வது? பந்தயம் என்பது பொருந்தாது. இங்கே வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. வேகச் சோதனை என்றால் சட்டம் குறுக்கே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்து மூலமான ஒப்புதலின்றிப் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதைக் குற்றம் என்கிறது. 2019-இல் செய்த திருத்தத்தின்படி முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். எனவே ஓடுதளப் பயிற்சி நாள் என்றே நான் வழங்குகிறேன். சோழவரத்தில் விமான ஓடுதளத்தில்தானே இக்கலை நம்மிடையே பிறந்தது. பெயர் தானாகவே அமைந்துவிட்டது.

காலை ஏழு மணிக்கு நாங்கள் செட்டிபாளையம் சேர்ந்தோம். வந்திருந்த வண்டிகள் பல தரத்தவை. பெரிய செடான்கள் நான்கைந்து; மற்றவை சிறு கார்கள். தமக்கை மகனின் முகத்தில் ஒரு பெருமிதம். முதலில் வண்டியைப் பார்வையிட்டனர். உள்ளே உருளக்கூடிய பொருள் யாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார்கள். தண்ணீர்க் குப்பி, குடை, பின்பெட்டியிலிருந்த தமக்கை கொடுத்தனுப்பிய ஊறுகாய்ச் சாடி, எல்லாம் என் காலடிக்கு வந்தன. பிறகு தலைக்கவசம், பிறகு அரை மணி நேரப் பாடம். மஞ்சள் கொடி கண்டால் முன்னே ஆபத்து, முந்தலாகாது. சிவப்புக் கொடி என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெல்லத் திரும்பி வா. நீலக் கொடி என்றால் பின்னால் வேகமான வண்டி, வழிவிடு. கட்டமிட்ட கொடி என்றால் நேரம் முடிந்தது. நேரான பகுதியில், முன்னே செல்பவர் கை காட்டிய பின்னரே முந்தலாம். இத்தனை ஒழுங்கு நம் நெடுஞ்சாலையில் இருந்தால் எத்தனை உயிர் மிஞ்சும் என்று எண்ணிக்கொண்டேன்.

முதல் இருபது நிமிடத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். நேர்ப்பகுதி வந்ததும் அவன் வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. வளைவு வந்ததும் திணறியது. டயர்கள் கூவின. பின்னால் ஒரு சிறிய பழைய கார், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஓட்டி வந்தது, வளைவுதோறும் நெருங்கி நெருங்கி வந்தது. நீலக் கொடி அசைந்தது. 300-க்கும் மேற்பட்ட குதிரைத் திறன் கொண்ட பல்லக்கு ஒதுங்கி நின்று அந்தச் சிறுவண்டிக்கு வழிவிட்டது. போடிமெட்டில் ஆயிரம் அறிவுரை கூறியிருந்தாலும் இந்த ஒரு பாடத்தை நான் புகட்டியிருக்க முடியாது.

ஏன் அவ்வாறாயிற்று? பயிற்றுநர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். காருக்கும் பூமிக்கும் உள்ள தொடர்பு நான்கு டயர்களின் அடியில், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுள்ள இடந்தான். அந்த இடத்துக்கு ஒரு பிடிப்பு உண்டு; அதற்கு ஓர் எல்லையும் உண்டு. அரசு ஊழியரின் மாதச் சம்பளம் போன்றது அது. வீட்டு வாடகைக்கு முழுவதையும் கொடுத்துவிட்டால் பள்ளிக் கட்டணத்துக்குக் காசு இராது. பிரேக் போடுவதில் பிடிப்பு முழுவதையும் செலவழித்துக்கொண்டிருக்கும்போது வண்டியைத் திருப்ப முயன்றால், திருப்புவதற்கு மீதி இல்லை. சக்கரம் திரும்பியிருக்கும், வண்டி நேரே போகும். எனவே நேர்ப்பகுதியிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். காலை மெல்ல எடுத்துக்கொண்டே திருப்ப வேண்டும். வளைவின் உட்புற முனையைத் தொட்டு, வெளிவரும் வழி கண்ணுக்குப் புலப்பட்ட பிறகே விசையை ஏற்ற வேண்டும். பெரியவர் அதைத்தான் செய்தார். விசை மிகுந்த வண்டி வைத்திருப்பவர் இதைக் கற்பதே இல்லை. நேர்ப்பகுதியில் எல்லாப் பிழையையும் எஞ்சின் மூடி மறைத்துவிடுகிறது.

மற்றொன்று, கண். ‘எங்கே பார்க்கிறாய்?’ என்பதையே பயிற்றுநர் அன்று அதிகம் கேட்டார். புதியவர் வண்டியின் மூக்குக்கு முன்னால் பார்க்கிறார். கை, கண் போன திசையில் போகும். வளைவுக்குள் நுழையுமுன் வளைவின் முனையைப் பார்க்க வேண்டும்; முனையை எட்டுமுன் வெளிவழியைப் பார்க்க வேண்டும். ஓடுதளத்தில் இது இயலும். போடிமெட்டில் ஏன் இயலாது? அங்கே வளைவின் வெளிவழியைப் பாறையும் மரமும் மறைக்கின்றன. காண முடியாத இடத்துக்குள் வேகமாய் நுழையும் திறமை எந்த ஓட்டுநருக்கும் இல்லை. மலைச்சாலையில் வேகம் காட்டுபவரைத் திறமைசாலி என்று நண்பர்கள் புகழ்வது எவ்வளவு பேதைமை என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று.

இனி நிறுத்துவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விளம்பரங்கள் வண்டி எத்தனை வினாடியில் 100-ஐத் தொடும் என்று பேசுகின்றன. எத்தனை முறை அடுத்தடுத்து நிறுத்தலாம் என்று பேசுவதில்லை. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். காய்ந்த சாலையில், நல்ல டயர்களோடு, மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் கார் பிரேக் பிடித்த பிறகு ஏறத்தாழ 17 மீட்டரில் நிற்குமாயின், 120-இல் செல்லும்போது 70 மீட்டர் வேண்டும். பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைக்க ஒரு வினாடி கழியும். அதற்குள் வண்டி மேலும் 33 மீட்டர் ஓடிவிடும். ஆக நூறு மீட்டருக்கு மேல்.

அந்த ஆற்றல் எங்கே போகிறது? பிரேக்கில் வெப்பமாகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,700 கிலோ எடையுள்ள செடான் மணிக்கு 150 கிலோமீட்டரிலிருந்து 60-க்குக் குறையும்போது வெளிப்படும் வெப்பம், நம் வீட்டுத் தண்ணீர் நான்கு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அடுப்பில் அதற்குப் பதினைந்து நிமிடமாவது ஆகும். பிரேக்கோ அதை நான்கு வினாடியில் உள்வாங்க வேண்டும். அடுத்த வளைவில் மறுபடியும். அடுத்த சுற்றில் மறுபடியும்.

மலைச்சாலை ஓட்டுநர்களுக்கு இந்த இயல்பு நெடுநாளாய்த் தெரியும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அவர்கள் மரபு. அதே செடான் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொண்டால், முழுவதும் பிரேக்கிலேயே தாங்கினால், ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் பிறக்கும். கியரைக் குறைத்தால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். போடிமெட்டு இறக்கத்தில் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வீசும் வண்டிகள் பெரும்பாலும் வெளியூர் வண்டிகளாக இருப்பதற்கு இதுவே காரணம்.

காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது ஒரு திரவம். பிரேக் ஆயில் என்று நம் பட்டறைகளில் வழங்குவது. உண்மையில் அது எண்ணெய் அன்று. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணம் அதற்கு உண்டு. டாட் 4 என்ற தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 பாகையாக இறங்கிவிடலாம். திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அப்போது காலை அழுத்தினால் மிதிகட்டை மெத்தையை மிதித்ததுபோல் கீழே போகும், வண்டி நிற்காது. ஆண்டில் பாதி நாள் ஈரக்காற்று வீசும் கேரளத்தில் இதன் பொருள் என்ன என்பதை நேயர்களே உணரலாம்.

எங்கள் வண்டி கொச்சியில் மூன்று மழைக்காலம் கண்டது. திரவத்தை எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்பு அதனோடு வந்த ஏட்டில் இல்லை. இரண்டாம் ஓட்டத்தில் அவன் நன்கு தேறியிருந்தான், வேகமும் கூடியது. ஐந்தாம் சுற்றில், நேர்ப்பகுதியின் முடிவில் மிதிகட்டை பாதிக்குமேல் இறங்கிற்று. பக்கத்தில் அமர்ந்திருந்த பயிற்றுநர் குரலை உயர்த்தவில்லை. “கியரைக் குறைத்துக்கொள். மிதிகட்டையை விட்டுவிட்டு மறுபடி மிதி. வெளிப்பக்கம் இடம் இருக்கிறது, பயப்படாதே” என்றார். வண்டி தளத்தின் ஓரத்து மண்ணில் சற்று இறங்கிப் புழுதி கிளப்பிவிட்டு மீண்டும் ஏறிற்று. அதன் பின் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிக் குளிரவைத்துக்கொண்டு திரும்பினார்கள். நான் வேலிக்கு இப்பால் நின்றிருந்தேன். அவன் இறங்கியபோது கை நடுங்கிற்று. சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “மாமா, இதே பிரேக்கோடுதான் நான் போடிமெட்டு போக இருந்தேன்” என்றான்.

அங்கிருந்த மெக்கானிக் சிறு கருவியொன்றால் ஈரத்தை அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பழைய திரவம் தேநீர் நிறத்தில் வெளியே வந்தது. புதியதை நிரப்பினார்கள். செலவு ஆயிரக்கணக்கில் இல்லை, நூற்றுக்கணக்கில்தான். பிற்பகலில் அவன் மீண்டும் ஓட்டினான்; முந்தைய வேகத்தில் அன்று, முந்தையதைவிட ஒழுங்காக.

டயரின் எல்லையை மதிக்காமல் மிகப் பெரியவர்களும் ஓட்ட முடியாது என்பதற்குக் கோவை மைந்தர் ஒருவரோடு தொடர்புடைய சான்று இருக்கிறது. நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தளத்தில் அவர் நான்காம் இடம் பெற்றார். ஆனால் அன்று பந்தயத்தை ஓட்டியவை ஆறே வண்டிகள். மிச்செலின் டயர் பூட்டிய மற்ற பதினான்கு வண்டிகளும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் கொட்டகைக்குள் திரும்பிவிட்டன. அத்தளத்தின் சரிந்த வேகமான வளைவை அந்த டயர்கள் தாங்கா என்று அவற்றைச் செய்தவர்களே கூறிவிட்டனர். கட்டணம் கொடுத்து வந்த கூட்டம் கூச்சலிட்டது. ஆயினும் ஓட்டவில்லை. உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள் பதினான்கு பேர், கோடிக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, டயரை நம்பாமல் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினர். தேய்ந்த டயரோடு மழையில் வாளையாற்றுச் சாலையில் முந்துபவரைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்நிகழ்ச்சி நினைவுக்கு வரும்.

இதெல்லாம் செல்வரின் பொழுதுபோக்கு, பெட்ரோலுக்குக் கேடு என்று கூறுவோர் உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஒருநாள் ஓட்டத்தில் ஒரு டாங்கிப் பெட்ரோல் தீர்ந்துவிடும். டயர்கள் மாதக்கணக்கில் தேயவேண்டிய அளவு தேயும். ஓடுதளத்தில் பயின்றவர் எல்லாரும் சாலையில் சாதுவாகிவிடுவர் என்றும் நான் உறுதி கூற மாட்டேன். சிலருக்கு அங்கே கற்ற அரைகுறைத் திறமை சாலையில் செருக்காக மாறக்கூடும். ஆனால் விசைமிக்க வண்டி வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு, அதை எங்கே ஓட்டுவது என்ற கேள்விக்கு மௌனம் விடையாகாது. நாம் மௌனமாயிருந்தால் மலைச்சாலை விடை சொல்லும்.

போக எண்ணும் நேயர்களுக்குச் சில செய்திகள். வழக்கமான தனியார் கார் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு இல்லை என்ற விதி அச்சிடப்பட்டிருக்கும். எனவே தளத்தில் வண்டிக்கு நேரும் சேதம் உரிமையாளரின் பொறுப்பே என்று கருதிக்கொண்டு செல்க. இவ்விதியைப் படித்துவிட்டுத்தான் என் தமக்கை மகன் தன் வேகத்தில் பத்துக் கிலோமீட்டரைத் தானாகவே குறைத்துக்கொண்டான். காற்றழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சூடேறினால் அழுத்தமும் ஏறும், அப்போது பயிற்றுநர் சொல்கிறபடி குறைக்க வேண்டும். வீடு திரும்புமுன் மறவாமல் பழைய அளவுக்கு நிரப்பிக்கொள்ள வேண்டும். சக்கரத் திருகாணிகளை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் முடுக்கிப் பார்ப்பது நன்று. ஒவ்வோர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றையும் பிரேக்கைத் தொடாமல் மெல்ல ஓட்ட வேண்டும். நிறுத்திய பின் கை பிரேக்கை இழுக்கலாகாது. சூடான தகடும் கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் வைத்தால் போதும். தண்ணீர் நிறையக் கொண்டு செல்லுங்கள். செட்டிபாளையத்து வெயிலில் கண்ணாடி ஏற்றிய தலைக்கவசத்துக்குள் வியர்வை வழியும்.

பிரேக் திரவத்தை மட்டும் புறப்படுவதற்கு முந்தைய வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். ஓடுதளத்துக்குப் போகாதவர்களும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றுவது நல்லது. கடலோரத்திலும் மலையோரத்திலும் வாழ்வோர் இன்னும் முன்னதாகவே மாற்றலாம். மாற்றிய தேதியைப் பட்டறைச் சீட்டில் விட்டுவிடாமல், வண்டியின் மூடியைத் திறந்தால் கண்ணில் படும்படி ஒரு சிறு காகிதத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். நாளை அந்த வண்டியை உங்களிடமிருந்து வாங்குபவர் யாருடைய பிள்ளையோ.